பாதியில் முறிந்த கூட்டு: யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். சம்பளம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). ஆலையிலும் தோட்டத்திலும் உள்ள 20 பேர் சேர்ந்து மாதம் 200 வெள்ளி கூட்டு (சீட்டு) போட்டோம். மாதம் ஒருவர் மொத்தத் தொகையை எடுக்க வேண்டும். நான்தான் தலைவி. முதல் மாதம் 4,000 வெள்ளியை நான் எடுத்தேன். கமிஷன் எதுவும் வாங்கவில்லை. இரண்டாம் மாதம் எடுத்தவர் ஆறாம் மாதம் வரை கட்டிவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டார். நாலாம் மாதம் எடுத்தவர் ஏழாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார். இவர் இங்கேதான் வேலை செய்கிறார், என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். இதுவரை ஒன்பது பேர் எடுத்தாயிற்று. அந்த இரண்டு பேரின் பணத்தையும் நானே போட்டு வருகிறேன். இனி முடியாது. 5,000 வெள்ளி தனிநபர் கடன் வாங்கிச் சமாளிக்கலாமா? சம்பளக் கணக்கு என் கையில்தான் இருக்கிறது, அந்த ஆளின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகவே கூசுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

கடன் வாங்க வேண்டாம். சம்பளக் கணக்கில் கை வைக்கவே வேண்டாம். பத்தாவது கூட்டை யாருக்கும் கொடுக்காமல் இந்த மாதமே நிறுத்துங்கள். நிறுத்துவது என்றால் கைகழுவுவது அல்ல, முறையாகக் கணக்கை முடிப்பது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் எடுத்தவர்கள் ஒன்பது பேர், வலது பக்கம் எடுக்காதவர்கள் பதினொரு பேர். எடுக்காத ஒவ்வொருவரும் இதுவரை ஒன்பது தடவை 200 வெள்ளி கட்டியிருக்கிறார், அதாவது 1,800. பதினொரு பேருக்கும் சேர்த்து 19,800 வெள்ளி. எடுத்தவர் ஒவ்வொருவரும் 4,000 வாங்கி, நிறுத்திய இருவருக்காக நீங்கள் போட்டதையும் சேர்த்தால், 1,800 கட்டியிருக்கிறார், மீதி 2,200. ஒன்பது பேருக்கும் சேர்த்து அதுவும் 19,800 வெள்ளி. இரண்டு பக்கமும் ஒரே தொகையாக வருவது தற்செயல் அல்ல. கூட்டு என்பது வலது பக்கத்துக்காரர்கள் இடது பக்கத்துக்காரர்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்த கடன். “நான் சேமித்த பணத்தை நான் எடுத்தேன்” என்று முதலில் எடுத்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் கைக்கு வந்தது அடுத்தவர் வீட்டுப் பணம். கூட்டத்தில் வரப்போகும் எல்லாச் சண்டைக்கும் இந்த ஒரு தாள்தான் பதில் சொல்லும்.

இப்போது ஓட்டை எவ்வளவு? இரண்டாவதாக எடுத்தவர் 14 மாதம் கட்ட வேண்டும், 2,800. நாலாவதாக எடுத்தவர் 13 மாதம், 2,600. மொத்தம் 5,400. இதில் 1,000 வெள்ளியை நீங்கள் ஏற்கெனவே உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டீர்கள். இனி வரவேண்டி வராமல் போகப்போவது 4,400.

“மீதிப் பதினெட்டுப் பேரும் கட்டட்டும், கூட்டுத் தொகையை 3,600 ஆக்கிக்கொண்டு ஓட்டிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பதினொரு பேருக்கும் தலைக்கு 400 வெள்ளி நட்டம், அதோடு முடிந்தது என்று தோன்றும். ஆனால் கூட்டைத் தொடர்ந்தால் ஒவ்வொரு மாதமும் வலது பக்கத்திலிருந்து ஒருவர் இடது பக்கம் போகிறார். புதிதாக ஒரு கடனாளி உருவாகிறார். இருபது பேர் கூட்டில் வெளியே நிற்கும் கடன் எந்த மாதம் அதிகம் என்று போட்டுப் பாருங்கள்: ஒன்பதாம் மாதம் 19,800, பத்தாம் மாதம் 20,000, பதினோராம் மாதம் மறுபடி 19,800. நீங்கள் இப்போது நிற்பது மேட்டின் உச்சியில். ஏற்கெனவே இரண்டு பேர் ஓடியதைப் பார்த்த பிறகு, பத்தாவதாக எடுப்பவர் மீதிப் பத்து மாதமும் ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு என்ன பிடி இருக்கிறது?

நிறுத்தினால் கதை வேறு. எடுக்காதவர்கள் இனி ஒரு காசும் கட்ட வேண்டாம். எடுத்தவர்களில் நாணயமாக இருக்கும் ஏழு பேர், உங்களையும் சேர்த்து, முன்பு போலவே மாதம் 200 வெள்ளி பதினொரு மாதம் கட்டி வர வேண்டும். மாதம் 1,400 வரும். பதினொரு மாதத்தில் 15,400. அதைப் பதினொரு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,400. நட்டம் அதே 400தான், ஆனால் புதிய கடன் ஒன்றுகூட இல்லை. வெளியே நிற்கும் தொகை மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வரும்.

இது யாரோ நினைத்துச் சொன்ன வழி அல்ல. தைவானில் இதே கூட்டுக்கு ‘ஹுவே’ என்று பெயர். அங்கே ஏகப்பட்ட ஹுவேக்கள் முறிந்து வழக்கானதால், 1999-இல் சிவில் சட்டத்தைத் திருத்தி இதற்கென்றே விதிகள் சேர்த்தார்கள். 2000-லிருந்து அமலில் இருக்கிறது. கூட்டு முறிந்தால் தலைவரும் எடுத்தவர்களும் தவணைப்படி கட்டி வர வேண்டும், அதை எடுக்காதவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்குக் கசக்கும்: உறுப்பினர் கட்டத் தவறினால் தலைவர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும். தைவான் சட்டம் மலேசியாவில் செல்லாது. ஆனால் முதல் கூட்டைத் தலைவி எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருப்பதும் இதே கணக்கில்தான். 4,000 வெள்ளி முதலில் கைக்கு வந்தது, தலைவிப் பொறுப்புக்கான கூலி. ஆகவே “எனக்கும் நட்டம்தானே” என்று கூட்டத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

என் யோசனை இது. இப்போது மாதம் 600 வெள்ளி போடுகிறீர்கள். உங்கள் 200, ஓடியவர்களுக்காக 400. அதைப் பாதியாக்கி 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலான 100 வெள்ளி பதினொரு மாதத்தில் 1,100 ஆகும். அப்போது மாத வசூல் 1,500. ஆளுக்குக் கிடைப்பது 1,500. நட்டம் 400-லிருந்து 300 ஆகக் குறைகிறது. பதினொரு பேருக்கு மாதம் 135 வெள்ளி கொடுத்தால் 1,485 போகும், மீதி 15 வெள்ளியை நோட்டில் எழுதி வைத்துக் கடைசி மாதம் ஆளுக்கு 15 சேர்த்துக் கொடுத்தால் கணக்கு சரியாக முடியும். “ஒரு மாதம் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுங்கள்” என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் கடைசியில் நிற்பவர் தலையில்தான் ஆபத்து முழுவதும் விழும். சமமாகப் பிரித்தால் எல்லாருக்கும் ஒரே அளவு.

ஓடிய இருவரிடமிருந்து பணம் வந்தால்? முதல் 3,300 வெள்ளி அந்தப் பதினொரு பேருக்கு, ஆளுக்கு 300 வீதம். அது நிரம்பிய பிறகுதான் உங்கள் 1,000, அதற்குப் பின் உங்கள் 1,100. கூட்டிப் பாருங்கள், 5,400 சரியாக வரும். இந்த வரிசையை நீங்களே வாய் திறந்து சொன்னால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கும்.

கூட்டத்தை ஆலை அலுவலகத்தில் வைக்காதீர்கள். அங்கே நீங்கள் கிராணி, அவர்கள் வேலையாட்கள். மனதில் இருப்பதைப் பேச மாட்டார்கள், வெளியே போய்ப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபமோ யார் வீட்டு அஞ்சடியோ (வாசல் முகப்போ) போதும். நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: பெயர், எடுத்த மாதம், வாங்கியது, கட்டியது, தரவேண்டியது, பெறவேண்டியது. ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, அவரவரிடம் “சரிதானா?” என்று கேட்டு, பக்கத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். எடுத்தவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “கூட்டே நின்றுபோச்சு, நான் ஏன் இன்னும் கட்டணும்?” அப்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். அவர் வாங்கிய 4,000-இல் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் 200 வெள்ளியும் இருக்கிறது. வசூலிக்கும் நாள் மாதாமாதம் 8-ஆம் தேதி என்று வையுங்கள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். வந்த பணத்தை அன்றே இரண்டு சாட்சிகள் முன்னால் பிரித்துக் கொடுங்கள். அந்தப் பணம் இரவு உங்கள் வீட்டில் தங்கக் கூடாது.

இப்போது கடன் விஷயம். வங்கி விளம்பரத்தில் 8% என்று இருந்தால் அது நிலையான வட்டியா என்று முதலில் கேளுங்கள். உதாரணத்துக்கு 5,000 வெள்ளியை 8% நிலையான வட்டிக்கு மூன்று வருடம் எடுத்தால் வருடம் 400 வீதம் 1,200 வட்டி. மொத்தம் 6,200, மாதம் சுமார் 172 வெள்ளி. ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 5,000-க்கும் ஓடுவதால், உண்மையில் நீங்கள் கட்டுவது வருடத்துக்குச் சுமார் 14.5%. கூட்டு பதினொரு மாதத்தில் முடிந்துவிடும், இந்தக் கடன் முப்பத்தாறு மாதம் நிற்கும். வேறொருவர் கட்டாத பணத்துக்கு வட்டி உங்கள் பெயரில். ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம். உரிமம் உள்ள வட்டிக்கடைக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி, அடகு இல்லாத கடனுக்கு வருடம் 18%. 2,000 வெள்ளிக்கு மாதம் 30 வெள்ளி. அதற்கு மேல் கேட்டாலோ, ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடு என்றாலோ, அது உரிமம் உள்ளவர் செய்கிற காரியம் அல்ல. சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கில் பணம் இருக்கிறதே, 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாமே என்றும் தோன்றும். அது உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க வேண்டிய பணம். இந்த ஓட்டையைச் சமாளிக்கக் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தைப் பாருங்கள். ஆலோசனை இலவசம். ஆனால் அவர்கள் வங்கிக் கடனைத்தான் சீர் செய்வார்கள், கூட்டுப் பாக்கியை அல்ல.

சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), கொடுத்த முன்பணம் போன்றவை அதில் உண்டு. தொழிலாளிகளுக்குள் நடந்த கூட்டுப் பாக்கி இல்லை. 200 வெள்ளியை அவர் சம்பளச் சீட்டில் வேறு பெயரில் எழுதிப் பிடித்தால், பணத்தை இழந்த நீங்களே குற்றவாளியாக நிற்பீர்கள், வேலையும் போகும். கோபத்தில் ஒரு நிமிடம் தோன்றும் இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் இப்போது உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ளும் வழி.

போலீஸ்? இங்கே ஒரு உண்மையை நேராகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1971-லிருந்தே கூட்டு நிதி தடைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச்சொல் இருக்கிறது. சீட்டு, ஹுவே என்ற பெயர்களும் விளக்கத்தில் வருகின்றன. அது தொழிலாகக் கூட்டு நடத்துவதைத் தடுக்கிறது. நீங்கள் கமிஷன் வாங்காதது உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் புகார் கொடுத்தால் முதல் கேள்வி “நடத்தியது யார்?” என்பதாகத்தான் இருக்கும். வாங்கிய கடனைக் கட்டாதது தானாகவே குற்றவழக்கு ஆகிவிடாது. ஆகவே புகாருக்கு முன் ஈப்போவில் உள்ள சட்ட உதவித் துறையில் நோட்டைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 2,800, 2,600 இரண்டும் அதற்குள் அடங்கும். ஆனால் சட்டம் தடுத்த கூட்டிலிருந்து வந்த பாக்கி என்று எதிர்த்தரப்பு வாதாட வழி இருக்கிறது. வழக்குப் போட்டால் பணம் நிச்சயம் வந்துவிடும் என்று பதினொரு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முகநூலில் படத்தைப் போட்டு “ஏமாற்றுக்காரர்” என்று எழுதவும் வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

இத்தனை பேர் நம்பிய கூட்டு ஏன் முறிந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்களிடம் ஏமாளித்தனம் இருந்ததால் அல்ல. 4,000 வெள்ளியைத் தனியாகச் சேர்த்தால் இருபதாம் மாதம்தான் கையில் வரும். கூட்டில் குலுக்கினால் சராசரியாகப் பத்தரை மாதத்தில் வந்துவிடும். கடைசியாக எடுப்பவரைத் தவிர எல்லாருக்கும் லாபம். பெஸ்லி, கோட், லௌரி என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993-இல் இதைக் கணக்காகவே நிறுவிக் காட்டினார்கள். கூடவே அவர்கள் சுட்டிய பலவீனம்: எடுத்தவருக்குத் தொடர்ந்து கட்டுவதற்குப் பண ரீதியாக எந்தக் காரணமும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் ஒன்றுதான் அவரைக் கட்ட வைக்கிறது. ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே பிரட்டில் நின்ற காலத்தில் அந்தப் பயம் போதுமானதாக இருந்தது. ஜொகூருக்கு பஸ் ஏறியவனுக்கு அந்தப் பயம் ஏது? இந்தியாவின் 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டம் நடத்துபவரைப் பதிவு செய்யச் சொல்லி, ஈட்டுத் தொகை கட்டச் சொல்லி, சீட்டு எடுத்தவரிடமும் மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பது இதனால்தான்.

வேலை இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாள் கூலியையும் ஓவர்டைமையும் எழுதுகிற கிராணி “கூட்டில் சேர்கிறீர்களா?” என்று கேட்டால் மறுக்கப் பலருக்கு மனம் வராது. அதேபோல, தினமும் முகம் பார்க்கிற ஆளிடம் “உன்னைச் சேர்க்க முடியாது” என்று சொல்ல உங்களுக்கும் வாய் வராது. வங்கி அதிகாரி முகம் தெரியாதவரிடம் சொல்லிவிடுவார். உறவு இருப்பதால் கூட்டு நடக்கிறது. அதே உறவுதான் ஆளைத் தரம் பார்க்கவும் விடுவதில்லை.

ஆகவே இது முடிந்ததும் “இனி நல்ல ஆட்களாகப் பார்த்துப் போடலாம்” என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டு தந்த நல்லது, மாதாமாதம் கட்டாயமாகப் பணத்தை ஒதுக்க வைத்ததுதான். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸில் அஷ்ரஃப், கார்லன், யின் என்ற ஆய்வாளர்கள் ஒரு சிறு வங்கியோடு சேர்ந்து, குறித்த தேதியோ குறித்த தொகையோ வரும்வரை தொட முடியாத சேமிப்புக் கணக்கைத் தந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், அந்தக் கணக்கு தரப்பட்டவர்களின் சேமிப்பு, தரப்படாதவர்களோடு ஒப்பிடும்போது 81% கூடியிருந்தது. பூட்டு இருந்ததுதான் வித்தியாசம். உங்கள் ஊரில் இதைச் செய்ய எளிய வழி: சம்பளம் வரும் வங்கி அல்லாத வேறு வங்கியில் ஏடிஎம் அட்டை இல்லாத கணக்கு ஒன்று, 8-ஆம் தேதி 200 வெள்ளி தானாகப் போகும்படி நிரந்தரக் கட்டளை. நம்பிக்கையான மூன்று நான்கு பேர் மாதம் ஒருமுறை சந்தித்து அவரவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டிக்கொள்ளுங்கள். ஊர்க்கண் இருக்கும், ஆனால் யார் பணமும் யார் கைக்கும் போகாது. வங்கி வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. சேமநிதியில் சுயமாகவும் கட்டலாம், 2024-க்கு 6.30% ஈவு கொடுத்தார்கள். ஆனால் 55 வயதுக்குக் கீழே இருந்தால் 200 வெள்ளியில் 150 ஓய்வுகாலக் கணக்குக்கும் 30 நல்வாழ்வுக் கணக்குக்கும் போய், 20 மட்டும்தான் நினைத்தபோது எடுக்க முடியும். தீபாவளிச் செலவுக்கு அது உதவாது, முதுமைக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாலாவதாக எடுத்தவர் உங்களைப் பார்த்து ஒதுங்குகிறார் என்றால் வெட்கம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அவரை எல்லார் முன்னாலும் கேட்டால் அதுவும் போய்விடும். இந்த வாரமே, அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ஏன் கட்டவில்லை என்று தொடங்காதீர்கள். “தம்பி, 8-ஆம் தேதி உன்னால் எவ்வளவு முடியும்?” என்று கேளுங்கள். 100 வெள்ளி என்றால் 26 மாதம். “2,600 வெள்ளி தர வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன், மாதம் 100 வெள்ளி வீதம் ஒவ்வொரு 8-ஆம் தேதிக்குள் தருகிறேன்” என்று அவர் கையாலேயே எழுதி, அடையாள அட்டை எண்ணும் தேதியும் போட்டு, கூட வந்த பெரியவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையில் இருக்கும் முதல் தவணையை, ஐம்பது வெள்ளியானாலும், அன்றே வாங்கி ரசீது எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜொகூரில் இருப்பவருக்கும் இதே வாசகத்தை 2,800 என்று மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், அவர் குடும்பத்தார் இருக்கும் குழுவில் போடாமல், அவருக்கு மட்டும்.